நைனா தறிக்குத் திரும்பிப் போன ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டில் நசுங்கிப்போன எவர்சில்வர் டம்ளர் ஒன்று இருக்கிறது. இன்று காலை என் கணவர் அவசரத்தில் அதில் காபியை ஊற்றி மேசைமேல் வைக்க, அது வழக்கம்போல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, செய்தித்தாள் முழுக்கக் காபி. "இன்னும் எத்தினி நாளைக்கு இத வச்சிக்கினு இருப்ப? தூக்கிப் போடேன்" என்றார். நான் போடவில்லை, போடவும் மாட்டேன். அந்த டம்ளரைக் குலுக்கித்தான் நாங்கள் கணக்கில்லாத மண்டைகளைப் பிளந்தோம். இதை அவரிடம் சொன்னால் காபியை மறந்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் திருப்பதியில் ஒரு மாடி வீட்டில் நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து இருந்தோம். ரேணிகுண்டா பக்கம் செல்போன் பாகங்களைப் பூட்டுகிற ஒரு கம்பெனியில் எல்லோருக்கும் வேலை. தலையில் தொப்பி, வாயை மூடித் துணி, கையில் உறை. பேசக் கூடாது, நிமிரக் கூடாது. கண்ணுக்கே தெரியாத திருகாணியை முடுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வெல்டிங் புகை மாதிரியான வாசனை தலைமுடியில் ஏறினால் சீயக்காய் போட்டாலும் போகாது. சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்று "ஸ்பீடு, ஸ்பீடு" என்பார். வாரம் முழுக்க இப்படி இருந்தால் ஞாயிற்றுக்கிழமை யாரையாவது அடிக்கத் தோன்றுமா தோன்றாதா, நீங்களே சொல்லுங்கள்.

அடிப்பதற்கு ஆள் கொடுத்தவள் லாவண்யா. சித்தூர்க்காரி. அவள் வீட்டில் தெலுங்கு. எங்களோடு பேசும்போது தமிழும் தெலுங்கும் பாதிக்குப் பாதி. பெங்களூரில் இருந்த அவளுடைய அண்ணனிடம் ஒரு விளையாட்டைக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். அதற்குத் திரையும் கிடையாது, பலகையும் கிடையாது. ஒருத்தி கதை சொல்வாள். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கு ஒரு ஆளாகப் புகுந்துகொண்டு, இந்த இடத்தில் நான் இதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். செய்ய முடிந்ததா இல்லையா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை தீர்மானிக்கும். பெரிய எண் விழுந்தால் பிழைத்தீர்கள். சின்ன எண் விழுந்தால் லாவண்யா உதட்டைக் கடித்துக்கொண்டு, "அய்யய்யோ" என்று சந்தோஷமாக ஆரம்பிப்பாள். தரையில் உருட்டினால் பகடை கட்டிலுக்கடியில் ஓடிவிடும் என்பதால் டம்ளரில் போட்டுக் குலுக்கினோம்.

கதை இதுதான். செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். அவர்களுக்குக் கண் மங்கல், காது கூர்மை. சத்தம் கேட்டால் கூட்டமாக வருவார்கள். கடிபட்டவன் அவர்களில் ஒருவனாகிவிடுவான். மண்டையை உடைத்தால்தான் விழுவார்கள். திருப்பதியிலிருந்து கிளம்பி, புத்தூர், நகரி தாண்டி எல்லையில் இருக்கும் ராணுவ முகாமுக்குக் கடிபடாமல் போய்ச் சேர வேண்டும். இதற்கு ஜாம்பி என்று பெயர் இருந்தாலும் நாங்கள் பொணம் என்றே சொன்னோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து பொணங்கள் முதன்முதலாகக் கிளம்பியபோதே லாவண்யா கன்னத்தில் போட்டுக்கொண்டு சொல்லிவிட்டாள், மலைமேல் மட்டும் ஒரு பொணமும் கிடையாது என்று. "அப்பொ நாம எல்லாரும் மலமேல போயி குந்திக்கினா முடிஞ்சிபோச்சே" என்று கோமதி கேட்டாள். லாவண்யா கொஞ்சம் யோசித்து, மலைப்பாதையில் பாறை சரிந்து வழி அடைத்துவிட்டது என்றாள். சாமி காரியம் என்பதால் யாரும் மேற்கொண்டு வாதாடவில்லை.

கோமதி சத்தியவேடு பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். நேரில் கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறிவிடுவாள். கதையில் அவள் கையில் கரும்பு வெட்டுகிற கத்தி. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில்தான் வெட்டுவாள், ஒவ்வொரு வெட்டையும் எழுந்து நின்று கையை வீசிக் காட்டுவாள். எங்கள் சூப்பர்வைசர் மாதிரியே சட்டை போட்ட ஒரு பொணம் வாரா வாரம் வேண்டும் என்று லாவண்யாவிடம் கேட்டு வாங்கி, வாரா வாரம் அதை வெட்டினாள். ஒருமுறை கத்தி அதன் தாடையில் சிக்கிக்கொண்டது. காலை மார்பில் ஊன்றி இழுத்தபோது தாடை கையோடு வந்துவிட்டது என்று லாவண்யா சொன்னாள். வெட்கமில்லாமல் கை தட்டினோம். அந்த வாரம் கம்பெனியில் அந்த மனிதர் வாயைத் திறந்தபோதெல்லாம் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நான் நர்ஸ். அடிதடி வேண்டாம், கட்டுப் போட்டுக்கொண்டு ஓரமாக நிற்கலாம் என்றுதான் நர்ஸ் ஆனேன். செல்விதான் எங்களைத் திகைக்க வைத்தாள். அவள் நகரிப் பெண், விசைத்தறிக் குடும்பம். உன் ஆளின் பெயர் என்ன என்று லாவண்யா கேட்டதும் "நைனா" என்றாள். அவள் அப்பாவை அவள் கூப்பிடுவது அப்படித்தான்.

"உங்க நைனாவ எதுக்குடி பொணத்துங்க நடுவுல இஸ்துக்கினு வர?" என்றாள் கோமதி.

"அவரு போன வருசமே செத்துட்டாரு. இங்கியாவது இருக்கட்டுமே" என்றாள் செல்வி. சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவப் போவதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். எப்படிச் செத்தார் என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அந்த விளையாட்டில் ஒருமுறை செத்தால் செத்ததுதான், மறுபடி வர முடியாது. அன்றிலிருந்து எங்கள் எல்லோருக்கும் ஒரே வேலை, நைனாவைக் கடிபடாமல் எல்லைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அவர் கையில், தறியில் குறுக்கு இழையைக் கொண்டு ஓடுகிற நாடாவை அடித்துத் தள்ளுகிற மரக்கட்டை. ஒல்லியான மனிதர், பீடி பிடிப்பார், காது மந்தம், அதிகம் பேச மாட்டார். ஒரே அடியில் மண்டையைத் தேங்காய் மாதிரி உடைத்துவிட்டு, கட்டையை லுங்கியில் துடைத்துக்கொள்வார். செல்வி அவருடைய இருமலைக்கூட இருமிக் காட்டுவாள். சில வாரங்களில் எனக்கு அந்த மனிதரை என் சொந்தச் சித்தப்பாவைவிட நன்றாகத் தெரிந்துவிட்டது.

நாராயணவனத்தில் நடந்ததைச் சொல்லாமல் போக முடியாது. ஒரு கல்யாணக் கும்பல் முழுக்கப் பொணமாகி எங்களைத் துரத்தியது. மாப்பிள்ளை கழுத்தில் மாலை, பெண்ணின் வாயில் யாருடைய காதோ. கோயில் கதவு திறந்திருக்கிறது என்றாள் லாவண்யா. நான் பதறிப்போய், "செருப்ப வெளிய விட்டுட்டு உள்ள ஓடறேன்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. கோமதியும் செல்வியும்கூட ஆமாம் என்று விட்டுவிட்டார்கள். லாவண்யா விழுந்து விழுந்து சிரித்தாள். வெளியே வரும்போது மூவரும் வெறுங்காலோடு உடைந்த கண்ணாடிமேல் ஓட வேண்டியதாயிற்று. கோமதி குத்துவிளக்கைப் பிடுங்கி மாப்பிள்ளையின் கண்ணில் இறக்கினாள். எனக்குப் பகடையில் இரண்டு விழுந்து, கால் விரல்கள் போயின. அதன்பிறகு என் நர்ஸ் நொண்டிக்கொண்டேதான் எல்லாம் செய்தாள்.

இந்த இடத்தில் நாங்கள் கத்திய கத்தலில்தான் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து, "ஏமம்மா, எவர்னி சம்புதுன்னாரு?" என்று கேட்டார். யாரைக் கொல்கிறீர்கள் என்று ஒருவர் வாசலில் நின்று கேட்டால் என்ன பதில் சொல்வது? "ஒட்டி ஆட்ட, அங்கிள்" என்றாள் லாவண்யா. வெறும் விளையாட்டு என்று அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

நகரிக்குள் நுழைந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டன் குழம்பு வைத்திருந்தோம். அந்த மசாலா வாசனை இன்றும் எனக்கு டீசல் வாசனையோடு சேர்ந்துதான் வரும். காரணம் இருக்கிறது. எல்லைக்குப் போகிற சாலையில் பெரிய பொணக் கூட்டம் நின்றது. அதை விலக்க செல்வியே ஒரு யோசனை சொன்னாள். நைனா வேலை செய்த தறிக் கொட்டாய்க்குப் போவது. ஜெனரேட்டரைப் போட்டு எல்லாத் தறியையும் ஓட விடுவது. அந்தச் சத்தத்துக்குப் பொணங்கள் முன்வாசல் வழியாக உள்ளே வரும். நாங்கள் பின்வாசல் வழியாக வெளியே போய், கதவைப் பூட்டி, டீசலை ஊற்றிக் கொளுத்துவது. அருமையான யோசனை. பயந்தாங்கொள்ளி என்பதால் டீசலும் தீப்பெட்டியும் என்னிடம். பின்வாசலில் நிற்க வேண்டியது என் வேலை.

எல்லாம் சொன்னபடி நடந்தது. தறிகள் ஓடின, பொணங்கள் வந்தன, நாங்கள் மூவரும் வாசலுக்கு வந்துவிட்டோம். அப்போது லாவண்யா கதைக்குச் சுவை சேர்க்க நினைத்து, "நடுவுல ஒரு தறில இழை அறுந்துச்சு. அது மட்டும் நின்னுபோச்சு. பர்வாலேது, மத்ததெல்லாம் ஓடுது" என்றாள்.

செல்வி தலையைத் தூக்கினாள். "நைனா போயி கட்டிட்டு வருவாரு."

"பைத்தியமாடி உனக்கு?" என்று கோமதி கத்தினாள். "கொளுத்தப்போற துணிடி அது! எவன் கட்டப்போறான் அத்த?"

"உனக்குத் தெரியுது. அவரால நிக்க முடியாதுடி. தறி நின்னா, துன்னுக்கினு இருந்தாக்கூட எச்சக் கையோட எழுந்து ஓடுவாரு."

லாவண்யாவுக்கு முகம் மாறிவிட்டது. தான் சும்மா சொன்ன ஒரு வரி இப்படித் திரும்பும் என்று அவள் நினைக்கவில்லை. "யாராவது கையப் புடிச்சி இழுக்கலாம்" என்று என்னைப் பார்த்தாள். நான் குலுக்கினேன். மூன்று. நைனாவின் கை என் பிடியிலிருந்து நழுவிவிட்டது.

செல்வி டம்ளரை வாங்கிக் குலுக்கினாள். முடிச்சுப் போடுவதற்கு இருபது விழுந்தது. அன்று முழுக்க யாருக்கும் விழாத இருபது. நைனா பொணங்களுக்கு நடுவே குனிந்து, இழையை எடுத்து, இரண்டு விரலால் முறுக்கிக் கட்டித் தறியை ஓட விட்டார். அப்புறம் ஒரு பதினாறு, ஒரு பதினைந்து, அதற்குமேல் விழுந்ததெல்லாம் நான்கு, ஆறு, ஒன்று. முதலில் வந்ததன் மண்டையைப் பிளந்தார். இரண்டாவதன் முகத்தை ஓடுகிற தறியில் அழுத்திப் பிடிக்க, தறி அதை அடித்து அடித்துக் கூழாக்கியது. பாவு நூல் முழுக்க ரத்தம். மூன்றாவது அவர் தோளைக் கடித்தது. இன்னொன்று தொடையை. கட்டை உடைந்தது. உடைந்த முனையை ஒன்றின் கண்ணில் குத்தினார். கோமதி, "நான் உள்ள வரேன், நான் வரேன்" என்று நிஜமாகவே அழுதாள்.

"வராத. கதவ மூடு" என்றாள் செல்வி. பிறகு என்னிடம், "கொளுத்து."

நான் டம்ளரை எடுத்தேன். எண் சின்னதாக விழுந்தால் தீக்குச்சி நமத்துப்போகும், கொஞ்ச நேரம் கிடைக்கும் என்று ஓர் ஆசை. "தீக்குச்சி ஒரசறதுக்குப் பகடை வேணாம்" என்றாள் லாவண்யா மெதுவாக. "நீ சொன்னா போதும்."

சொல்ல எனக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. "கொளுத்திட்டேன்" என்றேன்.

கோமதி டம்ளரைப் பிடுங்கிச் சுவரில் அடித்தாள். அப்போது விழுந்த நசுங்கல்தான் இன்று காபியைக் கொட்டியது. செல்வி எழுந்து போய் டம்ளரை எடுத்து வந்தாள். கட்டிலுக்கடியில் ஓடிய பகடையைத் தேடி அதற்குள் போட்டாள். அப்புறம்தான் சொன்னாள்.

"எங்க நைனா தறிகிட்டயே மார் அடைச்சி வுழுந்துட்டாரு. அத்தினி தறியும் ஓடிக்கினு இருந்துச்சி. அவரு கூப்டாரா, கத்தினாரான்னு பக்கத்துத் தறில நின்னவருக்கே தெரியல. கரண்டு போயி சத்தம் நின்னப்புறந்தான் பாத்தாங்க. யாருமே பாக்காம செத்துட்டாருடி. இன்னிக்கி நீங்க மூணு பேரும் பாத்துக்கினு இருந்தீங்க."

கோமதி அவளைக் கட்டிக்கொண்டாள். நானும் அழுதேன், அதை மறைக்க என்ன இருக்கிறது. செல்விதான் முதலில் எழுந்து, குழம்பு ஆறிப்போச்சு என்று சூடு பண்ணப் போனாள்.

அடுத்த வாரம் கோமதியும் நானும் எல்லை போய்ச் சேர்ந்தோம். ராணுவத்துக்காரர்கள் கால் விரல் இல்லாத நர்ஸை உள்ளே விட்டார்கள். யாரும் கை தட்டவில்லை. பிறகு லாவண்யா வேறு வேலை கிடைத்துப் பெங்களூர் போனாள், பகடையும் அவளோடு போயிற்று. கோமதிக்குக் கல்யாணம் ஆனது. அந்த மாடி வீட்டை இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள். நாங்கள் கத்திய அறை இருந்த உயரத்தில் இப்போது யாரோ மொட்டையடித்துக்கொண்டு வந்து தூங்குகிறார்கள்.

போன மாதம் செல்வியைப் பார்க்க நகரி போயிருந்தேன். அவளும் அவள் கணவரும் கடைத்தெருப் பக்கம் அழைத்துப் போனார்கள். ஓரிடத்தில் அவர் நின்று, "இங்கதான் எங்க மாமா வேல செஞ்ச தறிக் கொட்டாய் இருந்திச்சி" என்றார். கொட்டாய் இல்லை. தரையை மட்டமாக்கி, கம்பி வேலி போட்டு, கார் நிறுத்துகிற இடமாக்கியிருந்தார்கள். நான் என்னை அறியாமல் பக்கத்துச் சுவரில் கரி படிந்திருக்கிறதா என்று பார்த்தேன்.

"எப்ப இடிச்சாங்க?" என்று கேட்டேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் செல்வி என் தோளைத் தொட்டு, "இடிக்கலங்க. இவதான் கொளுத்தினா" என்றாள்.

அவர் ஒன்றும் புரியாமல் சிரித்தார்.