பித்தளை ரீலும் பலாமர ரீலும்

தூண்டிலுக்கு விலை கூடிய ரீல் வாங்கலாமா, மலிவானதே போதுமா என்று யாராவது கேட்டால் நான் வாயைத் திறப்பதில்லை. பினாங்கில் தூண்டில் போடுகிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது. ஒரு காலத்தில் இதற்காக நான் ஆளை அடித்திருக்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ரத்தம் வர அடித்திருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான பிறையில் ஒரு கப்பல் பட்டறையில் கடைசல் வேலை பார்த்தேன். காலையில் ஃபெரி ஏறிப் போய் மாலையில் ஜார்ஜ் டவுனுக்குத் திரும்புவேன். கல்யாணம் ஆகவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வாய் பேசுவதற்குள் கை பேசிவிடும். அதற்கு முன்னால் தங்கியிருந்த இரண்டு இடங்களிலிருந்தும் துரத்தப்பட்டவன் நான். ஒன்றில் சட்டி பானையை உடைத்தேன், இன்னொன்றில் கூட இருந்தவனின் பல்லை உடைத்தேன். டத்தோ கிராமாட் பக்கத்தில் இருந்த அக்கா வீடு ஒன்றுதான் எனக்கு மிச்சம். சோறும் பாயும் அங்கேதான்.

அக்காவின் புருஷன், என் மச்சான், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். என்னோடு சம்பான் படகில் ஏற வேறு எவனும் தயாராக இல்லை, அவர் ஒருவர்தான் வருவார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இருவரும் ஜெரெஜாக் தீவுப் பக்கம் துடுப்புப் போட்டுப் போய்விடுவோம்.

என் ரீல் சீமைப் பித்தளை. ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுத்து வாங்கினேன். பக்கவாட்டில் நட்சத்திரம் போல ஒரு திருகு இருக்கும். அதை இறுக்கினால் மீன் நூலை இழுக்கத் திணறும், தளர்த்தினால் நூல் தாராளமாக ஓடும். உள்ளே பல்சக்கரங்கள் மயிரிழை பிசகாமல் வெட்டப்பட்டிருந்தன. நான் கடைசல்காரன், அந்த வேலையின் அருமை எனக்குத் தெரியும். மச்சானுடையது பலா மரம். நிபோங் திபாலில் ஒரு படகுத் தச்சன் கடைந்து கொடுத்தது, ஒரு வெள்ளிக் காசுகூட ஆகவில்லை. அதில் திருகும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. மீன் ஓடினால் கட்டைவிரலால் விளிம்பை அழுத்திப் பிடிக்க வேண்டியதுதான்.

ஒருநாள் காப்பிக் கடையில் பத்துப் பேர் முன்னால் மச்சான் சொன்னார்: “வேலை செய்யறது விரல்தான்லா, மாப்ளே. உன் ரீல் இங்கிலீஷ் பேசுது, சரி. மீனுக்கு இங்கிலீஷ் தெரியணுமே.”

கடையே சிரித்தது. அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சை எட்டி உதைத்தேன். அவர் அடுப்பின் மேல் போய் விழுந்தார். கொதிக்கிற தண்ணீர் கையில் கொட்டி முழங்கை வரை தோல் உரிந்துவிட்டது.

அக்கா அன்று என்னைத் திட்டவில்லை. மருந்து போட்டு முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: “இன்னொரு தடவ இவர் மேல கை வச்சேன்னா இந்த வாசப்படி மிதிக்காத. அக்கா செத்துட்டான்னு நினைச்சுக்கோ.” அவள் ஒன்றை இரண்டு தரம் சொல்கிறவள் அல்ல. எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அதற்குப் பிறகு மச்சான் எவ்வளவு கிண்டல் செய்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து போய்விடுவேன்.

அந்த வருஷம் பட்டறையில் ஆயுத பூஜை வந்தது. சுத்தியல், அரம், கடைசல் எந்திரம் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்தோம். நான் என் ரீலையும் கொண்டுபோய் வைத்தேன். மற்றவர்கள் ஒரு பொட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு அது போதவில்லை. சந்தனத்தைத் தண்ணீராகக் கரைத்து இரண்டு பக்கமும் வழிய வழியப் பூசினேன். வீட்டுக்கு வந்து வெளியே தெரிந்ததை மட்டும் துடைத்துவிட்டு ஆணியில் மாட்டினேன். இரண்டு வாரம் மழை பெய்தது, கடலுக்குப் போகவில்லை.

மூன்றாம் வாரம் போனோம். நான் துடுப்புப் போட்டேன். மச்சான் என் ரீலை மடியில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

தீவை நெருங்கித் தூண்டிலைப் போட்ட கொஞ்ச நேரத்தில் என் நூலில் கொடுவா அடித்தது. பெரிய மீன். தண்ணீருக்கு மேல் எழும்பித் தலையை உதறி மறுபடி விழுந்தது. நூல் நாலு பாகம், இருபதடிக்கு மேல், ஓடியது, அப்புறம் நின்றுவிட்டது. திருகைத் தளர்த்தப் பார்த்தேன், அசையவில்லை. கழி வளைந்து தண்ணீரைத் தொட்டது. நூலைக் கையால் பிடித்தேன். அது உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போனது. கழி இரண்டாக முறிந்தது. நூலும் அறுந்தது. மீன் போய்விட்டது.

“என் ரீலை என்ன பண்ணீங்க?” என்றேன்.

“பாத்தேன், அவ்வளவுதான். எதையும் திருகல மாப்ளே.”

காலடியில் மீனை அடித்துக் கொல்கிற கட்டை கிடந்தது. அதை எடுத்து அவர் முகத்தில் அடித்தேன். புருவம் பிளந்தது. கையை உயர்த்தினார், மறுபடி அடித்தேன். இந்த முறை வாயில் விழுந்தது. ஒரு பல் தெறித்துச் சம்பானுக்குள் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. மூன்றாவது அடிக்கும் ஓங்கினேன், அதையும் மறைக்கப்போவதில்லை. அதற்குள் அவருடைய கழி தடதடவென்று ஆடியது.

மச்சான் என்னைத் திரும்பியும் பார்க்காமல் கழியைப் பிடித்தார். முகத்திலிருந்து ரத்தம் பலாமர ரீலில் சொட்ட, கட்டைவிரலால் விளிம்பை அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு, அந்த மீனை அரை மணி நேரம் ஓட விட்டார். விரலில் தோல் உரிந்து சதை தெரிந்தது. நான் கொக்கியைப் போட்டு இழுத்தேன். ஏழெட்டுக் கட்டி, அதாவது நாலைந்து கிலோ எடையுள்ள கொடுவா. மச்சான் என்னிடம் கையை நீட்டினார். கட்டையைக் கொடுத்தேன். என் மண்டையில்தான் போடப்போகிறார் என்று நினைத்தேன்; போட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் மீனின் தலையில் மூன்று முறை ஓங்கி அடித்துவிட்டு உட்கார்ந்தார்.

“இப்ப உன் ரீலத் தொறந்து பாரு,” என்றார். வாய் வீங்கியதால் பேச்சு குழறியது.

காசை வைத்துப் பக்கத் தகட்டின் திருகாணியைக் கழற்றினேன். பல்சக்கரத்துக்குள்ளும் நூலை இறுக்கிப் பிடிக்கிற தோல் வில்லைகளுக்கு நடுவிலும் மஞ்சளாகக் காய்ந்து இறுகிக் கிடந்தது என் சந்தனம். வாசம்கூட இன்னும் போகவில்லை.

மச்சான் எட்டிப் பார்த்தார். “சாமி நல்லா கெட்டியாத்தான் பிடிச்சிருக்கு,” என்றார்.

கரை வரை நான்தான் துடுப்புப் போட்டேன். அக்கா முகம்தான் கண் முன்னால் நின்றது. இன்றோடு அந்த வீடு எனக்கு இல்லை என்று தெரிந்துவிட்டது. பட்டறையிலேயே படுத்துக்கொள்ள இடம் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன். படித்துறையில் இறங்கியதும் மச்சான் தன் பலாமர ரீலைக் கழற்றிக் கல்லில் ஓங்கி அடித்தார். ஒரே அடியில் அது மூன்று துண்டானது. என் மேல் உள்ள ஆத்திரம் என்று நினைத்தேன். அவர் குனிந்து துண்டுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டார்.

அக்கா கதவைத் திறந்தாள். முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் என் கைகளைப் பார்த்தாள். நான் வாசலுக்கு வெளியிலேயே நின்றேன்.

மச்சான் கூடையைக் கீழே வைத்தார். “என் ரீல் உடைஞ்சு தெறிச்சு மூஞ்சில அடிச்சிருச்சு. மர ரீல் வேணாம்னு உன் தம்பி தலபாடா அடிச்சுக்கிட்டான், நாந்தான் கேக்கல. நல்ல சாமான் நல்ல சாமான்தான்லா.” பிறகு என்னைப் பார்த்து, “என்ன அங்கேயே நிக்கிற? மீன உள்ள தூக்கிட்டு வா,” என்றார்.

அக்கா துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். பிறகு அரிவாளால் பிளந்து அடுப்பில் வைத்தாள். பலா மரம் நன்றாக எரிந்தது. அந்த ரீல் பிடித்த மீன் அந்தத் தீயிலேயே குழம்பானது.

மீன் தலை எப்போதும் மச்சான் தட்டுக்குத்தான் போகும். அன்று என் தட்டில் வைத்தாள். “நீ சொன்னத இவர் கேட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமா?” என்றாள். மச்சானால் மெல்ல முடியவில்லை, கஞ்சியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

அந்தப் பித்தளை ரீலைச் சுத்தம் செய்து அவரிடமே கொடுத்தேன். சாகிற வரைக்கும் அதைத்தான் வைத்திருந்தார். மலிவு ரீலா, விலை கூடியதா என்று யார் கேட்டாலும் புருவத் தழும்பைத் தொட்டுக் காட்டி, “காசப் போட்டு நல்லதா வாங்குங்க, என்னப் பாருங்க,” என்பார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.