குண்டிக்காய் உபதேசியார்

தோவாளைப் பக்கத்துச் சபையின் உபதேசியார் ஞானதாசன், செமினாரியில் மூன்று வருஷம் எபிரேயம் படித்தவர். படித்தது வாயில் தங்காது. வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லியாக வேண்டும். 1924இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எபிரேயருக்குப் புத்தி இருதயத்தில், மனசாட்சி குண்டிக்காயில், அதாவது சிறுநீரகத்தில், மண்டைக்கு அவர்கள் ஒரு வேலையும் கொடுக்கவில்லை என்று பிரசங்கம் செய்தார். கோயில் முழுக்கச் சிரிப்பு. அன்றோடு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

முதலில் சிரித்தவள் அவர் மனைவி ஜெயபாய்தான். ஆனால் சாயங்காலம் நெல் குத்திக்கொண்டே அவரிடம் அந்த எபிரேய வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தவளும் அவள்தான். மூச்சாக ஓடும் ஆவி ரூவாக், பசியும் தாகமும் எடுக்கிற ஆத்துமா நெபெஷ், இருதயம் லேப்.

"ஆத்துமாவுக்குப் பசிக்குமா? அப்படின்னா அது நம்ம ஊரு ஆத்துமாதான்," என்பாள்.

உலக்கைச் சத்தமும் அவள் சிரிப்பும் கலந்த அந்தப் பத்து வருஷத்தை நினைத்து ஞானதாசன் சாகும்வரை ஏங்கினார். அப்படியொரு காலம் யாருக்கும் இரண்டு முறை வாய்ப்பதில்லை.

1934இல் அவளுக்கு விஷக்காய்ச்சல். உயிர் பிழைத்தது, நினைவு பிழைக்கவில்லை. கட்டிய புருஷனையே "அண்ணாச்சி" என்று கூப்பிட்டாள். அப்பத்தைத் தொடுமுன் தன்னைச் சோதித்தறிய வேண்டும் என்கிறது வேதம்; அது தெரியாதவளுக்குத் திருவிருந்து கொடுக்கலாமா என்று சபைக் கமிட்டி கூடியது. ஞானதாசன் எழுந்து நின்றார்.

"அவளுக்குத் தலைதான் பிசகியிருக்கு ஓய். புத்தி இருக்க எடம் இருதயமாக்கும். அது கெட்டதுக்கு என்ன சாட்சி?"

டீக்கன் யேசுதாசன் கல்நெஞ்சுக்காரர் அல்ல, சட்டம் பார்ப்பவர். "எபிரேயத்த விடும் ஓய். கெட்டின மாப்பிள்ளையத் தெரியாதவளுக்கு ஆண்டவரத் தெரியுமா?"

அவளுக்குக் கொடுக்கக் கூடாது என்று முடிவாயிற்று.

அடுத்த திருவிருந்து நாளில், அவளைத் தனியே விட முடியாமல், பெண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில் அவளோடு உட்கார்ந்தார். யேசுதாசன் அப்பத் தட்டைக் கொண்டுவந்து அவருக்கு மட்டும் நீட்டினார். ஞானதாசன் ஒரு துண்டை எடுத்தார். வாய்வரை போன கை திரும்பியது; தட்டிலேயே வைத்துவிட்டார். திருவிருந்தை மறுத்த உபதேசியாருக்கு வேலை மிஞ்சாது என்பது அவருக்கும் தெரியும், யேசுதாசனுக்கும் தெரியும்.

"இவளுக்கு இல்லாதது எனக்கும் வேண்டாம்," என்றவர், சபையார் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஜெயபாய் திரும்பிப் பார்த்தாள். அறியாத முகந்தான். ஆனாலும் முந்தானையை எடுத்து அவர் கண்களைத் துடைத்தாள்.

"அழாதிங்க அண்ணாச்சி, அழாதிங்க. ஆரு பெத்த பிள்ளையோ!"

யேசுதாசன் தட்டை அவள் பக்கம் நீட்டினார். கமிட்டியை அவர் கேட்கவில்லை.