மாப்பிள்ளைக்கு வைத்த ரஜாய்

அறுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் ஆனபோது, பெங்களூரில் வேலை பார்த்த என் அப்பா, சீரோடு ஒரு ரஜாயும் கொடுத்தனுப்பினார். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த கனமான போர்வை. நான் வாழ்க்கைப்பட்ட காஞ்சிபுரத்தில் மாசி பிறந்தாலே விசிறி தேடுவார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மாமியார் அன்றைக்கே அதைத் தன் வசம் எடுத்துக்கொண்டார். வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருந்த அவருடைய மாப்பிள்ளை வந்தால் போர்த்திக்கொள்ளத்தானாம். அதற்கு நடந்த உபசாரம் அந்த வீட்டில் எந்த மனிதருக்கும் நடந்ததில்லை. மாதம் ஒருமுறை மாடியில் வெயில் காட்ட வேண்டும். சாயம் வெளுக்காமல் மேலே பழைய வேட்டி விரிக்க வேண்டும். காக்கை எச்சமிடாமல் நான் குச்சியோடு காவல். சூடு ஆறிய பிறகுதான் மடித்து, காய்ந்த வேப்பிலையும் அந்துருண்டையும் போட்டு டிரங்குப் பெட்டியில் வைக்கலாம். சூட்டோடு வைத்தால் பஞ்சுக்கு வேர்க்குமாம். எனக்கு வேர்த்தது யார் கண்ணிலும் படவில்லை.

ஓர் ஐப்பசி மழையில் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. தறியிலிருந்து எழுந்து வந்த என் கணவர், "எம்மா, அந்த ரஜாய எடுத்துக் குடும்மா. இவ நடுங்கிக்கினு இருக்கிறா" என்றார்.

"காய்ச்ச வேர்வ பட்டா பஞ்சு கட்டிக்கும்பா. அப்பறம் மாப்ளைக்கு இன்னாத்த போத்துறது? கோணி இருக்குது பாரு."

கணவர் கோணியை எடுத்து எனக்குப் போர்த்திவிட்டுத் தறிக்குத் திரும்பினார். நல்ல பிள்ளை.

வைகாசியில் கருட சேவைக்கு மாப்பிள்ளை வந்தார். அனல் பறந்த மதியத்தில், சாப்பிட்டுப் படுத்தவர்மேல் மாமியார் கண்காட்ட, என் கணவர் போய் ரஜாயைப் போர்த்தினார். மரியாதைக்கு அவரும் அதைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். அந்துருண்டை நெடியில் தும்மித் தும்மி எழுந்தவர், குளத்தில் முங்கி வந்ததுபோல நனைந்திருந்தார்.

"சௌகரியமா இருந்துதுங்களா மாப்ள?"

"ஜோரா இருக்குதுங்க அத்தை. ஊருக்கு எடுத்துக்கினு போறேன்."

மாப்பிள்ளையிடம் முடியாது என்று சொல்ல வாய் வருமா? மாமியாரே மூட்டை கட்டிக் கொடுத்தார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. நான் இரண்டாவது முறையும் சோறு போட்டுக்கொண்டேன்.

அடுத்த அறுவடை முடிந்து நாங்கள் வாலாஜாபாத் போனபோது, மில்லில் தவிடு கொட்டும் மூலையில் ரஜாய் விரித்துக் கிடந்தது. அதன்மேல் ஒரு நாய், குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது.

"இத்தப் போட்டதுலர்ந்து நாய் எங்கியும் போறதில்லீங்க. எலியே அண்டறதில்ல" என்று மாப்பிள்ளை பெருமையாகச் சொன்னார். மாமியார் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமியார், "உங்கப்பாருக்கு ஒரு கடுதாசி போட்டு, இன்னொண்ணு அனுப்பச் சொல்லேம்மா" என்றார். அத்தனை நாளில் அவர் என்னை 'அம்மா' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. நான் ஜன்னல் பக்கம் சாய்ந்து, தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன்.