லூட்சினா தூக்கிக் கொடுத்த பை

லூட்சினாவுக்குச் சும்மா உட்கார்ந்தால்தான் உடம்பு நோகும். பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்து, அண்டா அண்டாவாகச் சூப் காய்ச்சி இறக்கிவிட்டு வீடு திரும்புகிறவள், ஒரு வாய் தேநீர் குடிக்க வேண்டாமா? நேரே துடைப்பத்தைத் தேடுவாள். நார்வேக்கு வேலைக்குப் போன புருஷன் மரியான் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான் என்று சேதி வந்த அன்றும் அவள் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. அவன் விட்டுப்போன சட்டைகளையெல்லாம் கிழித்துத் தரை துடைக்கும் துணியாக்கினாள். அந்தத் துணிகள் இன்னும் உழைக்கின்றன.

அதன் பிறகு அப்பா வீட்டுக்கே வந்துவிட்டாள். அம்மா ஸ்டெஃபானியா போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் இறந்தபின் அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர்: இவளும், ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பா ஜெனோனும். ஆனால் சாமான்களோ ஒரு ரயிலுக்கு ஆகும். மூடியில்லாத ஜாடிகள், எரிந்து தீர்ந்த மெழுகுவத்தித் துண்டுகள், காது போன கோப்பைகள். ஜெனோன் எதையும் எறிய விடமாட்டார்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று பங்குச் சாமியார் பிரசங்கத்தில், வருஷா வருஷம் இனிப்பை விடுகிறேன் என்று சொல்லி ஈஸ்டரன்று இரட்டிப்பாய்த் தின்பதை விட்டுவிட்டு, வீட்டில் தேங்கிக் கிடப்பதை இல்லாதவர்களுக்குக் கொடுங்கள் என்றார். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது லூட்சினா காதில் விழுந்ததுதான் வினை. தவக்காலம் முழுக்க நாளைக்கு ஒரு பை என்று நேர்ந்துகொண்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. ஜெனோன் சாப்பிட்டு எழுந்தால் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி இருக்குமா என்பதே சந்தேகம்.

"அந்த ரேடியோ எதுக்குப்பா? அது பாடி எத்தன வருஷமாச்சு?"

"பாடாட்டி என்ன? நீயுந்தான் பாட மாட்டே. உன்னத் தூக்கியா போட்டுட்டேன்?"

"நீங்களும் ஒரு பை நிரப்பணும். ஒண்ணே ஒண்ணு. தவக்காலம்பா இது."

"எனக்குத் தவக்காலமே நீதான்" என்று முனகிக்கொண்டு அவர் ஹெர்ரிங் மீனில் முள் எடுக்க ஆரம்பித்தார்.

லூட்சினா கை வைக்காத பொருள் அந்த வீட்டில் ஒன்றே ஒன்று. படுக்கையறை அலமாரிக்கு மேல் இருந்த அட்டைப்பெட்டி. அந்த ஊரில் வயதானவர்கள் வீட்டில் இப்படி ஒன்று இருக்கும். கடைசியாக உடுத்திப் போகிற உடுப்பு. ஸ்டெஃபானியா சாவதற்கு வெகு முன்பே தனக்கும் புருஷனுக்கும் ஒரே நாளில் துணி எடுத்துத் தைத்து இரண்டு பெட்டிகளில் மடித்து வைத்துவிட்டாள். அவள் பெட்டி அவளோடு போயிற்று. மற்றதில் ஜெனோனுக்குக் கருநீலச் சூட்டும் வெள்ளைச் சட்டையும் இருந்தன. கோட்டின் உள்பையில் அவள் கையாலேயே வைத்த மரமணிச் செபமாலை. அதை உடுத்திக்கொண்டு அவள் பக்கத்தில் போய்ப் படுக்க வேண்டும். அந்த மனிதருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

தவக்காலம் பாதி போனபோது ஒருநாள் காலை, கொல்லைக் கதவுக்குப் பின்னால், பழைய சாக்குகளுக்கு அடியில் ஒரு பை இருந்தது. வாய் இறுக்கிக் கட்டியிருந்தது. அது ரயில்வேக்காரர் போடும் முடிச்சு. லூட்சினாவுக்குச் சிரிப்பு வந்தது. கிழவருக்கு மனசு இறங்கிவிட்டது, ஆனால் மகளிடம் தோற்றதாக ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். பிரித்துப் பார்க்கவில்லை, பார்த்தால் அவர் ரோஷப்படுவார் என்று தோன்றியது. வேலைக்குப் போகிற வழியில் கோயில் கூடத்தில், இல்லாதவர்களுக்கென்று துணி வாங்கி வைக்கும் ரெனாட்டாவின் மேசைமேல், அப்பா கொடுத்தது என்று சொல்லி வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்குச் சூப்பில் உப்பு தூக்கலாக விழுந்தும் அவளுக்கு உறைக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அதற்கப்புறம் ஜெனோன்தான் ஓர் இடத்தில் நிற்கவில்லை. கொல்லைக்குப் போனார், வந்தார். கரி அறையைத் திறந்து மூடினார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"என்னப்பா தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல. உன் வேலையப் பாரு."

சனிக்கிழமை காலையில் லூட்சினா அலமாரிக்கு மேலே தூசி தட்ட நாற்காலி போட்டு ஏறினாள். பெட்டியை நகர்த்த இரண்டு கையாலும் பிடித்தாள். அது காற்று மாதிரி கையோடு வந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை.

நாற்காலிமேல் நின்றபடியே எல்லாம் விளங்கிவிட்டது. மகள் இருக்கிற வேகத்துக்கு இதையும் விட்டுவைக்க மாட்டாள் என்று பயந்து, மனிதர் உடுப்பைப் பையில் போட்டு ஒளித்து வைத்திருக்கிறார். ஒளித்ததையே இவள் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் கோயிலுக்கு ஓடினாள்.

"அந்தச் சூட்டா?" என்றாள் ரெனாட்டா. "அக்கா, பிரிச்சதும் எங்களுக்குக் கண்ணே கலங்கிடுச்சு. புத்தம் புதுசு. நம்ம ரிஷார்டு போயிட்டான்ல, ஸ்டேஷன்ல கரி இறக்குவானே. யாருமில்லாத மனுஷன், போட்டுவிட ஒரு நல்ல சட்டை இல்ல. சரியா அந்த நேரத்துல உங்க பை வந்துச்சு. உங்க அப்பாவுக்குப் பெரிய மனசுக்கா."

"அடக்கம் எப்ப?"

"இப்பத்தான். கல்லறைக் கோயில்ல செபம் நடக்குது."

லூட்சினா மறுபடி ஓடினாள். என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மன்னிச்சுக்கோங்க, அது எங்க வீட்டுது, கழற்றிக் கொடுங்கன்னு கேட்பதா? கேட்டாலும் கேட்டுவிடுவாள், வெட்கத்தைவிட அப்பாவின் முகம் அவளைத் துரத்தியது.

சிறிய கல்லறைக் கோயிலில் சவப்பெட்டி திறந்திருந்தது. உள்ளே ரிஷார்டு, தன் ஆயுளில் போட்டிராத கருநீலச் சூட்டில், தலை வாரி, முகம் மழித்து, எங்கோ கல்யாணத்துக்குப் புறப்பட்டவன் போல இருந்தான். தோள் மட்டும் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. விரல்களில் அம்மாவின் மரமணிச் செபமாலை. சுற்றி நின்றவர்களை ஒரு கையால் எண்ணிவிடலாம். முன் பெஞ்சில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, ஜெனோன் உட்கார்ந்திருந்தார். ஊரில் எந்தச் சாவையும் அவர் விட்டதில்லை.

அவர் பார்வை செபமாலையை விட்டு அசையவில்லை.

லூட்சினா வாசலிலேயே நின்றாள். ஆணியும் சுத்தியலுமாக ஆள் வந்தான். இப்போது சொன்னால் உண்டு. அவள் வாயைத் திறந்தாள். ஜெனோன் திரும்பி அவளைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை அசைத்தார். மூடி இறங்கியது.

திரும்பும் வழியில் சேறு. இரண்டு பேரும் ஓரமாக நடந்தார்கள்.

"நீங்க நிரப்பின பைன்னு நெனச்சேன்ப்பா."

"உங்கிட்ட இருந்து ஒளிச்ச பை."

"எங்கிட்ட எதுக்கு ஒளிச்சீங்க? அதப் போய் நான் தொடுவேனா?"

"வேற எத விட்டுவச்சே? நான் உள்ள இருக்கும்போதே வீட்டக் காலி பண்றியேம்மா."

அந்தச் சொல்லில் லூட்சினா நின்றுவிட்டாள். அத்தனை காலம் ஓடி ஓடி அடக்கி வைத்தது, நடுத்தெருவில் உடைந்தது.

"அம்மா அலமாரிய நான்தானே தனியாக் காலி பண்ணினேன்? ஒவ்வொரு காலுறையையும் எடுத்து வச்சு எடுத்து வச்சு அழுதேன். நீங்க கொல்லையில போய் நின்னுக்கிட்டீங்க. இன்னொரு தடவ அது என்னால முடியாதுப்பா. நீங்க இருக்கும்போதே, உங்ககிட்ட சண்ட போட்டுக்கிட்டே முடிச்சிரலாம்னு பாத்தேன்."

ஜெனோன் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"உள்ள வர பயமா இருந்துச்சு" என்றார். "அதான் கொல்லையில நின்னேன். உன்ன விட்டுட்டு நின்னிருக்கக் கூடாது."

அவள் மூக்கை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். அவர் அவள் கையைத் தன் கைக்குள் கோர்த்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

"பாவம் ரிஷார்டு" என்றார் கொஞ்சதூரம் போனதும். "மேல போனதும் உங்கம்மா அந்தச் சூட்டப் பாத்து நான்தான்னு ஓடி வருவா. ஷூவத் தொடச்சியான்னு கேப்பா. நல்லா வாங்கிக் கட்டிக்கப் போறான்."

லூட்சினா அழுகையும் சிரிப்புமாக இருமினாள். "திங்கக்கிழமையே தையக்காரர்கிட்ட போலாம்ப்பா. அதே நெறத்துல வேற தச்சுரலாம்."

"என்ன அவசரம்? போட்டுக்க ஒண்ணுமில்லாம நான் எங்க போயிரப்போறேன்? ஈஸ்டர் முடியட்டும்."

"சரி, ஈஸ்டர் முடிஞ்சதும்."

"எந்த வருஷத்து ஈஸ்டர்னு நான் சொல்லலியே" என்றார் ஜெனோன்.