அக்கா கேட்கப் பழகிய ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் அக்கா உரும்பிராயில் பிறந்தார்; டென்மார்க்கின் ரண்டர்ஸில் கண்மூடினார். இடையில் எனக்குத் தாயாகவும், அத்தானுக்குத் துணையாகவும், ஒரே மகளுக்கு அம்மாவாகவும் வாழ்ந்தார். ஐம்பதைத் தொடும் வயதில் இங்கிலாந்துச் சட்டத்தின் கீழ் சொலிசிற்றர் என்னும் சட்டத்தரணியாகவும் ஆனார். ஓராண்டு நிறைவில் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு மற்றதெல்லாம் தெரியும். சட்டத்தரணியான அந்தக் கடைசிக் கதையை எழுதும் பொறுப்பை அத்தான் என்னிடம் தந்தார். "பகிடி விடாமல், சீரியஸாக எழுது" என்றும் சொன்னார். முயல்கிறேன்.

அம்மா இளவயதிலேயே போய்விட, என்னை வளர்த்ததும் டென்மார்க்குக்குக் கூட்டி வந்ததும் அக்காதான். முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டே டேனிஷ் படித்தார், பட்டம் எடுத்தார், ஒரு நிறுவனத்தின் ஒப்பந்தப் பிரிவில் சேர்ந்தார். அங்கே பல ஒப்பந்தங்கள் இங்கிலாந்துச் சட்டப்படி எழுதப்பட்டவை. மேலதிகாரியாக இருந்த ஆங்கிலேயப் பெண்மணி சொலிசிற்றர். "இந்த வேலையைத்தானே செய்கிறாய், பரீட்சையையும் எழுதேன்" என்று தூண்டியவர் அவரே. இப்போதைய முறைப்படி பட்டம் எந்தப் பாடத்திலும் இருக்கலாம். இரண்டு ஆண்டுகள் சட்ட வேலை செய்ததை ஒரு சொலிசிற்றர் உறுதிப்படுத்த வேண்டும். இரண்டு பகுதிப் பரீட்சை. கடைசியில், ஆள் நேர்மையானவரா என்று கண்காணிக்கும் அமைப்பு துருவிப் பார்க்கும்.

முதற்பகுதியை அக்கா ஊதித் தள்ளினார். இரண்டாம் பகுதியில் விழுந்தார். அதில் ஒரு சோதனை இப்படி: ஒரு நடிகர் கட்சிக்காரராக வந்து எதிரே இருப்பார். அவர் பிரச்சினையைச் சொல்ல இவர் கேட்க வேண்டும். புள்ளி போடுவதும் அந்த நடிகரே. சட்டம் தெரியுமா என்பதற்கல்ல, இவரை நம்பி மனம் திறக்கலாமா என்பதற்கு.

நினைவு மலரில் குறை எழுதுவதில்லை. ஆனாலும் உங்களில் யாரையாவது அக்கா ஒரு வசனம் முடிக்க விட்டதுண்டா? "அக்கா, தலை..." என்றால் தலைவலிக் குளிசை கைக்கு வந்துவிடும். தலைமயிர் வெட்டப் போகிறேன் என்று சொல்ல வந்தவனும் விழுங்க வேண்டியதுதான். வளர்த்து ஆளாக்கியவர் அல்லவா, கேட்க எங்கே நேரம்?

மறுமுறையும் விழுந்தால் விட்டுவிடுவேன் என்று அக்கா சொன்னார். அத்தான் பயந்துபோய் என்னை அழைத்தார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இருக்கும் ஒடென்சேயிலிருந்து அக்கா வீட்டுக்குக் காரோடிப் போய் நான் கட்சிக்காரனானேன்.

"உங்கட பெயர்?"

"என்னக்கா, என்ரை பெயர் தெரியாதோ?"

"நான் அக்கா இல்லை, சொலிசிற்றர். விஷயத்தைச் சொல்லுங்கோ."

"பக்கத்து வீட்டுக்காரன் வேலியை..."

"அது அவன்ரை பிழை. நாளைக்கே வக்கீல் கடிதம் போடு."

"வேலி எந்தப் பக்கமெண்டே நான் இன்னும் சொல்லேல்லையே!"

சோபாவில் கிடந்த மகள், அம்மா மறுபடியும் பெயில் என்று டேனிஷில் அறிவித்தாள்.

ஒரு ஞாயிறு நான் ஒழுங்காக இல்லை. நெஞ்சுக்குள் என்னவோ செய்ததால் ஸ்கான் எடுக்க ஆஸ்பத்திரியில் வரச் சொல்லியிருந்தார்கள். வரும் வழியில், வழியிலுள்ள கடற்பாலத்தைக் கடக்குமுன்பே என் செத்தவீட்டை நடத்தி முடித்துவிட்டேன். நீலச் சேட்டுத்தான் போடுவார்கள், அதுவோ வயிற்றில் இறுக்கம் என்று அதற்கும் கவலைப்பட்டேன்.

"இண்டைக்கு என்ன விஷயமா வந்தனீங்கள்?" என்றார் அக்கா.

வேலி வாயில் வரவில்லை. "நெஞ்சு நோகுது. ஸ்கான் எடுக்க வேணுமாம். வீட்டில சொல்லேல்லை. பயமாக் கிடக்கு."

அக்காவின் வாய் திறந்தது. எந்த டொக்டர், என்ன சாப்பாடு, ஏன் சொல்லவில்லை, எல்லாம் நாக்கு நுனியில் நிற்பது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டார். பிறகு, "வேற?" என்றார்.

வேறு நிறைய இருந்தது. அம்மாவும் இப்படி நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் போனவர் என்பது வரை சொன்னேன். அழுதேன். அக்கா ஒரு சொல்லும் குறுக்கே விடவில்லை. கடைசியில் "உங்களுக்கு இப்ப என்ன வேணும்?" என்று மட்டும் கேட்டார்.

"ஒண்டும் வேண்டாம். நீங்கள் இருந்து கேட்டதே காணும்."

ஸ்கானில் வந்தது வாயு. இவ்வளவு கண்ணீரும் உளுந்து வடைக்காகத்தான் என்று அறிந்து வெட்கப்பட்டேன். ஆனால் அக்கா அடுத்த தடவை பரீட்சையில் தேறினார். சொலிசிற்றர்களின் பதிவில் அவர் பெயர் ஏறியது. அந்த ஆண்டு முடியவில்லை, நோய் வந்தது. இம்முறை வாயு அல்ல.

கடைசி நாட்களில் கிரின்ஸ்டெட்டிலிருந்தும் ஒடென்சேயிலிருந்தும் அக்காவைப் பார்க்க வந்தீர்கள். "எப்படி இருக்கிறீங்கள்?" என்று தொடங்கி உங்கள் கதையைச் சொன்னீர்கள். "டேனிஷ் சட்டம் எனக்குத் தெரியாது, நல்ல அட்வொகாட்டிட்டப் போங்கோ" என்று அக்கா முதலிலேயே சொல்லிவிடுவார். பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். நீங்கள் போனதும் நான் உள்ளே பாய்வேன்.

"என்னவாமக்கா?"

"சொல்லமாட்டன்."

"நான் உங்கட தம்பியெல்லே?"

"அதுதான் சொல்லமாட்டன்."

"அவை உங்கட கட்சிக்காரரும் இல்லையே!"

"ஆரெண்டாலென்ன? என்னை நம்பிச் சொன்னது என்னோட நிக்கட்டும், விடு."

என் மனைவிக்கு அந்த ஸ்கான் விஷயம் இந்தக் கட்டுரையை எழுத்துப்பிழை பார்த்தபோதுதான் தெரிந்தது. "மச்சாள் ஒரு சொல்லும் சொல்லேல்லையே" என்று அழுதார். பிறகு என் பக்கம் திரும்பினார். அதை இங்கே எழுத முடியாது.

அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், சமைத்துக் கொண்டுவந்தவர்களுக்கும், வேலைக்கு லீவு போட்டுக் காரோடியவர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்தவர்களுக்கும், இங்கிலாந்திலிருந்து வந்து நின்ற, அக்காவைப் பரீட்சை எழுதத் தூண்டிய அந்தப் பெண்மணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த அறையில் அக்காவிடம் மனம் திறந்தவர்களுக்கு மட்டும் இன்னும் ஒரு சொல். தம்பிக்காரன் என்ன எழுதி வைத்திருக்கிறானோ என்று நெஞ்சிடியோடு இதுவரை வாசித்திருப்பீர்கள். பயப்படாதீர்கள். கேட்டுப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். அக்கா ஒன்றையும் என்னிடம் விட்டுவிட்டுப் போகவில்லை.