ரெக்கார்ட் பட்டனுக்கு என்ன நிறம்?

1. வராத குரல்

அஸ்தம்பட்டியில் எங்கள் அலுவலகம். குரல் பதிவு செய்யும் சாஃப்ட்வேர் தயாரிக்கிறோம். விளம்பர ஆட்டோக்களுக்கு அறிவிப்பு பேசித் தருபவர்கள்தான் அதிகம் வாங்குகிறார்கள். நான் டெஸ்டிங்கில் சேர்ந்த புதிதில் ஆட்டையாம்பட்டி சரசு அக்காவிடமிருந்து புகார் வந்தது. தறி ஓட்டுவதை விட்டுவிட்டு, குரல் கொடுக்கும் வேலைக்கு வந்தவர் அவர். பேசியது எதுவுமே பதிவாவதில்லை என்றார்.

"இன்னொருக்கா வெறும் ஃபைல் வந்தா வேற ஆளப் பாத்துக்கறேன்னு ஆட்டோக்காரரு சொல்லிப்போட்டாருங்க. என்னய மறுபடி தறிக்கே போகச் சொல்றீங்களா?"

வெறுமையாக வந்த ஃபைல்களை எனக்கு அனுப்பச் சொன்னேன்.

அந்த சாஃப்ட்வேருக்குப் புரோகிராம் எழுதியவர் பிரகாஷ் அண்ணா. மைக்கிலிருந்து வரும் ஒலி, டிஸ்க்கில் சேருவதற்கு முன் தற்காலிகமாகத் தங்கும் பஃபரிலேயே தொலைகிறது என்று நினைத்து அந்தப் பகுதியை முழுவதும் திருத்தி எழுதினார். எங்கள் கம்ப்யூட்டர்களில் அருமையாக ஓடியது. புது வெர்ஷனை அக்காவுக்கு அனுப்பினோம். அதே புகார் திரும்பி வந்தது. தம்மம்பட்டியில் கோயில் திருவிழா அறிவிப்பு பேசும் விவசாயி ஒருவரும் அதையே சொன்னார்.

2. அப்பாடா

அக்கா அனுப்பிய ஃபைல்களில் இருந்தவை சின்னச் சின்ன ஒலி அலைகள்தான். அலுவலகத்தில் எல்லோரும் அவற்றைத் திரையில் பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். நான் ஹெட்போன் மாட்டி ஒவ்வொன்றையும் கடைசி வரை கேட்டேன். முதல் ஃபைலில் ஒரு பெருமூச்சு, "அப்பாடா", பிறகு தண்ணீர் குடிக்கும் சத்தம். அடுத்ததில், "அப்பாடா, முடிஞ்சுது. அந்த ஃபேனப் போடு." அதற்கடுத்ததிலும் அப்பாடா. பேச்சு முழுவதும் காணோம். பேசி முடித்த பிறகு நடந்தது மட்டும் துல்லியமாக இருந்தது. எந்த பஃபரும் இப்படிப் பார்த்துப் பார்த்து விழுங்காது.

மேனேஜர் சாரிடம் சொல்லிவிட்டு ஆட்டையாம்பட்டிக்கு பஸ் ஏறினேன்.

அக்கா ஃபேனை நிறுத்தினார். லேப்டாப் முன் உட்கார்ந்து பச்சைப் பட்டனை அமுக்கினார். அது பிளே பட்டன். பழைய ஃபைல் ஓடத் தொடங்கியது. திரையில் நேரமும் நகர்ந்தது. ஹெட்போன் கழுத்தில் தொங்கியதால் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஜவுளிக்கடைத் தள்ளுபடியைக் கணீரென்று சொல்லி முடித்துவிட்டுச் சிவப்பை அமுக்கினார். அதுதான் ரெக்கார்ட் பட்டன்.

"அப்பாடா," என்றார்.

"ஏனுங்கக்கா, எதுக்குப் பச்சைய அமுக்குனீங்க?"

"பச்சைய அமுக்குனாத்தான கண்ணு ஓடும்? செகப்பு நிறுத்தறதுக்கு. இத்தன படிச்சுப்போட்டு இதக் கேக்கறயே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் அப்பா, அம்மா இருவருமே தறித்தொழிலாளிகள். பட்டறைச் சுவரில் இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியை நான் நடக்கத் தொடங்கியதிலிருந்து பார்க்கிறேன். பச்சை ஓட்டும், சிவப்பு நிறுத்தும். கிணற்று மோட்டாருக்கும் அதே பெட்டிதான். தம்மம்பட்டிக்காரரின் கதையும் புரிந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். பஃபர் என்றால் என்ன என்று கல்லூரியில் படித்தேன். ஸ்டார்ட்டர் பெட்டியை வீட்டிலேயே படித்திருந்தேன். அன்று இரண்டு படிப்பும் சேர்ந்து உதவின.

சிவப்பில் தொடங்கும்படி அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு அறிவிப்பு நன்றாக வந்தது. அடுத்ததற்கே கை தானாகப் பச்சைக்குப் போனது. மாற வேண்டியது அக்காவின் கை அல்ல என்று அப்போது முடிவு செய்தேன்.

3. பேசுங்க, போதும்

"உலகம் பூரா ரெக்கார்டுன்னா செகப்புத்தாம்மா," என்றார் சார்.

"நம்மகிட்ட வாங்கறது உலகம் பூரா இல்லீங்க சார். ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கற ஊட்டுக்காரங்க."

சார் யோசித்தார். பிரகாஷ் அண்ணாதான் முதலில் சிரித்தார். "இவ சொல்றது சரி சார். நான் இல்லாத ஓட்டைய அடச்சிட்டு இருந்திருக்கேன்."

எல்லாப் பட்டன்களையும் ஓரங்கட்டிவிட்டு நடுவில் ஒரே ஒரு பெரிய பட்டன் வைத்தோம். சும்மா இருக்கும்போது பச்சை, அதன்மேல் 'பேசுங்க'. பதிவாகும்போது அதுவே சிவப்பாகும்; அதன்மேல் 'போதும்'. பிளே பட்டன் சாம்பல் நிறத்தில் கீழே போனது.

அக்காவின் அடுத்த ஃபைல் வந்தது. முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை குரல், அதோடு முடிந்தது. மறுநாள் போன் செய்தார். "ஆட்டோ என்ற கொரலப் போட்டுக்கிட்டு எங்க தெரு வழியா இப்பத்தான் போச்சு சாமி. அடுத்த கடை அறிவிப்பையும் ஆட்டோக்காரரு எனக்கே குடுத்துட்டாரு."

புதிதாக டெஸ்டிங்குக்கு வருபவர்களிடம் நான் ஒன்றே ஒன்றுதான் சொல்கிறேன்: புகாரோடு வரும் ஃபைலைப் பார்த்துவிட்டு மூடாதீர்கள். கடைசி வரை கேளுங்கள்.

அக்காவின் ஃபைல்களில் இப்போது அந்த 'அப்பாடா' இருப்பதில்லை. அன்று போனை வைத்த பிறகு 'அப்பாடா' என்றது நான்தான்.