பூப்போட்ட பேப்பர் கப்

அத்தையின் கைப்பைக்குள் எப்போதும் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கும். கட்சிக் கூட்டம், கலெக்டர் ஆபீஸ், சாவு வீடு, கல்யாண வீடு, எங்கே போனாலும் டீ வந்தால் பையைத் திறந்து அதை எடுத்து நீட்டுவாள். சுடுகாட்டுப் பாதையை அடைத்துவிட்டார்கள், திருவிழாவில் தேர்வடம் தொட விடவில்லை என்று மாவட்டத்தில் எந்தக் காலனியிலிருந்து போன் வந்தாலும் முதலில் போய் நிற்பவள் அவள்தான் என்பதால், அந்த டம்ளருக்கும் ஒரு பேர் வந்துவிட்டது. பேட்டி எடுக்க வருகிறவர்கள் அதைத் தனியாகப் படம் பிடிக்கிறார்கள். ஒருவர் போராட்டச் சின்னம் என்று எழுதினார். இன்னொருவர் குப்பை ஒழிப்பு என்று எழுதி அத்தையைச் சுற்றுச்சூழல் ஆர்வலராகவே ஆக்கிவிட்டார். அத்தையைக் கேட்டால், "வயிறு ஒத்துக்கல, அதான்" என்பாள். மைக் கையில் கிடைத்தால் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாதவள், இந்த விஷயத்துக்கு மட்டும் மூன்று வார்த்தையோடு நிறுத்திக்கொள்வாள்.

காரணம் நான்தான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் ஊர் கர்நாடக எல்லையோரம், தளிப் பக்கம். அத்தை அப்பாவின் தங்கை. கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் திரும்பி வந்து, ரோஜாப்பூ கம்பெனியில் பூவைத் தரம் பிரித்துக் கட்டும் வேலைக்குப் போனாள். அங்கே பெண்களுக்குக் கக்கூஸ் இல்லை என்று கூட வேலை செய்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய் மேனேஜர் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். கக்கூஸ் வந்தது, வேலை போனது. அந்தச் சமயம் பார்த்துப் பஞ்சாயத்துத் தலைவர் பதவி எங்கள் சாதிப் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. சும்மாதானே இருக்கிறாள் என்று காலனியே சேர்ந்து அவளை நிறுத்தி ஜெயிக்கவும் வைத்தது.

ஜெயித்த பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. தலைவர் போடுகிற கையெழுத்துக்குப் பக்கத்தில் துணைத் தலைவரின் கையெழுத்தும் இருந்தால்தான் எந்த வேலையும் நடக்கும். தெருவிளக்கில் பல்பு மாற்றுவதாக இருந்தாலும் அப்படித்தான். துணைத் தலைவர் ஊருக்குள் பெரிய வீட்டுக்காரர். எங்கள் தாத்தா காலத்திலிருந்து எங்கள் ஆட்கள் அவர் நிலத்தில்தான் வேலை செய்தார்கள். அதுவரை அவரை 'ஐயா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த அத்தை, பதவி ஏற்ற மறுநாள் 'அண்ணா' என்றாள். அதை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை என்று அப்பா சொல்வார்.

காலனிக்குத் தண்ணீர்க் குழாய் கொண்டுவருவதுதான் அத்தையின் முதல் தீர்மானம். ஊரின் கடைசி வீட்டோடு குழாய் நின்றிருந்தது. அங்கிருந்து எங்கள் தெருவரைக்கும் காலனி ஆட்களே கூலி இல்லாமல் பள்ளம் தோண்டிவிட்டார்கள். குழாய் வாங்கக் கையெழுத்து வேண்டும். அவர் போடவில்லை. இன்றைக்கு வா, நாளைக்கு வா என்றே எட்டு மாதம் ஓடியது. பள்ளம் அப்படியே திறந்து கிடந்தது. மழையில் அதில் தண்ணீர் நின்று, ஒரு ஆட்டுக்குட்டி விழுந்து, நாங்கள் தாண்டிக் குதித்து விளையாடும் இடமாகிவிட்டது. அம்மாவும் மற்றப் பெண்களும் ரோஜாப்பூ கம்பெனி வேலியோரக் குழாயில் குடம் பிடித்து ஒரு மைல் சுமந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை ஃபைலை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவாள். ஃபைல் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். எனக்கு அங்கே போவது ரொம்பப் பிடிக்கும். வாசலில் எங்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். அவர் வர ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் அவருடைய மருமகள் டீ கொண்டுவருவார். அவர்கள் வீட்டு ஆட்களுக்கெல்லாம் பழைய எவர்சில்வர் டம்ளர். எங்களுக்கு மட்டும் நீளமான பாலிதீன் உறையிலிருந்து அப்போதுதான் உருவிய, ரோஜாப்பூ அச்சிட்ட பேப்பர் கப். குடித்து முடித்ததும் அத்தை தன் கப்பையும் என் கப்பையும் நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்வாள்.

எங்கள் வாய் பட்ட டம்ளரை அந்த வீட்டில் புழங்க மாட்டார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முன்பு இதற்காகத் தனி டம்ளர் வைத்திருந்தார்கள், குடித்ததும் அதை நாமே கழுவிவைத்துவிட்டு வரவேண்டும். பேப்பர் கப் வந்தபின் அந்தத் தொல்லை இல்லை. போலீஸ் வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க ஒன்றும் கிடைக்காது. குடித்த கப்பை நாமே கொண்டுபோய் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் எருக்குழியில் போடவேண்டும் என்பது மட்டும்தான் முறை. அந்த எருக்குழிவரைக்கும் நடக்க மனசில்லாமல்தான் அத்தை மடித்து எடுத்துவந்து, எனக்குத் தெரியாமல் பஸ் ஸ்டாப்பில் போடுவாள். நானோ, அத்தைக்கும் அந்தக் கப் மேல் ஆசை என்று நினைத்தேன். அவர்கள் மட்டும் ஏன் பழைய டம்ளரில் குடிக்கிறார்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

அத்தை கைப்பையின் வாயை இழுத்து மூடினாள். பிறகு, "நாம விருந்தாளிங்க கண்ணு. விருந்தாளிக்குப் புது கப்பு. யாரும் வாய் வெக்காதது" என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வாரம் மருமகளிடம் கப் ரொம்ப அழகாக இருக்கிறது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, உறையிலிருந்து இன்னொன்றை உருவி என்னிடம் தந்தார். அதை என் துணிப்பெட்டியில் பாவாடைக்குள் சுற்றி வைத்தேன். எங்கள் வீட்டுக்கும் என்றைக்காவது ஒரு பெரிய விருந்தாளி வருவார் அல்லவா.

வந்தார். துணைத் தலைவரேதான் வந்தார். அவருடைய மாப்பிள்ளை பெங்களூர்க்காரர்களுக்கு விற்பதற்காக ஒரு லேஅவுட் போட்டிருந்தார். அதற்குத் தலைவரின் கையெழுத்து வேண்டும். லேஅவுட்டில் தப்பு ஒன்றும் இல்லை, கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் என் வீட்டில் வைத்துப் போடுகிறேன், குழாய் ஃபைலில் நீங்களும் அங்கேயே போட்டுவிடுங்கள் என்று அத்தை சொல்லியனுப்பினாள். ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று தகவல் வந்தது. எங்கள் தெருவுக்குள் அவர் கால் வைப்பது அதுதான் முதல் தடவை.

அம்மா தளிச் சந்தையில் மூன்று புது டம்ளர் வாங்கி, அதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தாள். எதிர்வீட்டிலிருந்து கைவைத்த நாற்காலி வந்தது. ஓசூர் கம்பெனியில் வெல்டராக இருந்த அப்பா அன்றைக்கு ஓவர்டைம் வேண்டாம் என்று வீட்டில் இருந்தார்.

"சுகருன்னு சொல்லித் தப்பிச்சுக்குவாரு பாரு" என்றார் அப்பா.

"குடிக்காட்டிப் போவுது. நம்ம டம்ளர கையில வாங்கட்டும், அது போதும்" என்றாள் அத்தை. எட்டு மாதத்தில் அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததில்லை.

அவர் வந்து உட்கார்ந்தார். பள்ளத்தைப் பற்றி அவரே பேச்செடுத்தார், பிள்ளைகள் விழுந்து வைக்கப்போகிறார்கள் என்றார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அத்தை குழாய் ஃபைலைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். உள்ளே அம்மா மூன்று டம்ளரிலும் டீ ஊற்றித் தட்டில் வைத்து, சிந்தாமல் எடுத்துக்கொண்டு போ என்று என்னிடம் சொல்லிவிட்டு, பிஸ்கட் பொட்டலம் பிரிக்கத் திரும்பினாள்.

எனக்கு அம்மாவின் அறியாமையைப் பார்த்துப் பாவமாக இருந்தது. இவ்வளவு பெரிய விருந்தாளிக்கு டம்ளரிலா கொடுப்பது? ஓடிப்போய்ப் பெட்டியிலிருந்து என் கப்பை எடுத்தேன். ஒரு டம்ளர் டீயை அதில் ஊற்றினேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அப்பாவுக்கும் அத்தைக்கும் டம்ளர், அவருக்குப் பூப்போட்ட கப் என்று தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு போனேன்.

தட்டை அவர் முன்னால் நீட்டியபோது அவர் ஃபைலைப் பார்த்தபடியே கையை முன்னால் கொண்டுவந்தார். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பார்க்காமலே நீண்ட கை. அது டம்ளரை வாங்கத்தான் வந்ததா, வேண்டாம் என்று மறுக்க வந்ததா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. அத்தைக்கும் தெரியாது. அதற்குள் அவர் நிமிர்ந்து கப்பைப் பார்த்துவிட்டார். அவர் வீட்டுக் கப். அதே ரோஜா.

"உங்களுக்குன்னு புதுசுங்க ஐயா. யாரும் வாய் வெக்காதது" என்றேன் நான்.

அப்பா கையில் எடுத்த டம்ளர் பாதி வழியில் நின்றுவிட்டது. சன்னலுக்கு வெளியே நின்றிருந்த தெருச்சனத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் கப்பை வாங்கினார். அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகினார்.

"புள்ளைக்கு நல்லாத்தான் சொல்லிக்குடுத்திருக்கீங்க, தலைவரம்மா" என்றார்.

பெரிய மனிதர் என்னைப் பாராட்டிவிட்டார் என்று நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அவர் எழுந்தார். கப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல், ஊர்ப் பழக்கத்தில் யாராவது வந்து வாங்கிக்கொள்வார்கள் என்பதுபோல் நின்றார். யாரும் வாங்கவில்லை. டீயோடு அதைத் தூக்கிக்கொண்டே காருக்குப் போய், டிரைவரிடம் கன்னடத்தில் வண்டியை எடுக்கச் சொன்னார். அவர் கொண்டுவந்த லேஅவுட் ஃபைல் எங்கள் வீட்டு நாற்காலியிலேயே கிடந்தது.

தெருவில் எனக்கு ஒரே மரியாதை. அவர்கள் கொடுத்ததை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள், அத்தைக்கு ஏற்ற மருமகள் என்று ஆளாளுக்குக் கன்னத்தைக் கிள்ளினார்கள். வீட்டுக்குள் அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினார். அத்தை குறுக்கே வந்து என்னைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

"அதுல குடுக்கறது மரியாதைன்னு யாரு சொன்னா உனக்கு?"

"நீதான் அத்தை" என்றேன்.

அத்தை என் தோளிலிருந்து கையை எடுத்தாள். யாரும் குடிக்காத டம்ளர்களை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், வெகு நேரம் கழுவினாள். தண்ணீர் அவ்வளவு கஷ்டமாக இருந்த நேரத்தில் ஒரு குடத்தையே காலி செய்தாள். தோள் குலுங்கியதைப் பார்த்தேன். கையெழுத்துப் போனதற்காக அழுகிறாள் என்று நினைத்தேன். பல வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குழாய் வர அதற்கப்புறம் ஒரு வருஷம் ஆனது. அத்தை வாராவாரம் திங்கட்கிழமை பெண்களைக் கூட்டிக்கொண்டு கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போய்த்தான் அது வந்தது. அவள் அரசியல் அங்கேதான் ஆரம்பித்தது என்று பேட்டிகளில் எழுதுகிறார்கள். "உன்னோட ஒரு கப்பு டீக்கு நான் ஒரு வருஷம் தண்ணி சொமந்தேன்டி" என்று அம்மா இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிப்புக்கு நடுவில் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள்.

லேஅவுட் ஃபைலில் அத்தை மறு வாரமே கையெழுத்துப் போட்டுவிட்டாள். அப்பா கத்தினார். தடுத்து வைப்பது துணைத் தலைவர் வேலை, என் வேலை இல்லை என்று சொல்லிவிட்டு, அதைக் கொடுக்க அவர் வீட்டுக்குக் கிளம்பினாள். வழக்கம்போல் நானும் போனேன். அதே நாற்காலி. மருமகள் உறையிலிருந்து கப்பை உருவினார். அத்தை கைப்பையைத் திறந்து, புது டம்ளர்களில் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இதுல ஊத்தும்மா."

மருமகள் உள்பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு ஊற்றினார். அத்தை பாதி குடித்து மீதியை எனக்குத் தந்தாள். திரும்பி வரும்போது நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். கப்பை ஏன் வேண்டாம் என்றாய், நமக்கென்று புதிதாக எடுத்ததாயிற்றே என்று கேட்டேன்.

"இனிமே நாம விருந்தாளி இல்ல கண்ணு" என்றாள் அத்தை.

நாங்கள் செய்த தப்பு என்ன என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். அந்த வீட்டில் எங்களுக்கு இருந்த மரியாதை என்னால்தான் போய்விட்டது என்று எனக்கு அழுகையாக வந்தது.